கய்ரோ பள்ளிக்கூடம்

அத்தியாயம் பதினொன்று

உபாவோடு கூடவே நடந்து வருகிறவர்களுக்கு அவள் நிலைமை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

அமெரிக்காவில், மினியாபொலிஸ் சோமாலி அங்காடியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் கூண்டுதான் உபாவின் கடை. இங்கே டாக்ஸி ஓட்டி, கறி வெட்டி, ஆஸ்பத்திரியில் தரை துடைத்துச் சம்பாதிக்கிறவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு மாசாமாசம் அனுப்பும் பணத்தை வாங்கி அனுப்புகிற தொழில். கணவன் டிரியே ஆரம்பித்தது. மாரடைப்பு வந்த டிரியே முதல் பனி விழுவதற்குள் போய்ச் சேர்ந்தான். கடையும் இரண்டு பிள்ளைகளும் அவள் தலையில் விழுந்தன.

இந்த நாட்டில் அடுத்தவர் பணத்தை வாங்கி அனுப்ப மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். டிரியேயிடம் அது என்றைக்குமே இருந்ததில்லை. லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு அவன் ஏஜெண்ட். கம்பெனியின் நிழலில் நிற்கிறவனுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்பது சட்டம். இந்தக் குளிர்காலத்தில் பேங்க் கைவிட்டதும் கம்பெனி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாநிலத்தையே காலி செய்தது. அன்றோடு நிழலும் போயிற்று. இனி உபா ஒரு டாலர் அனுப்பினாலும் குற்றம், ஜெயில் வரைக்கும் போகக்கூடிய குற்றம்.

டிரியேயின் தம்பி கூலேத் ராப்பகலாகச் சட்டத்தைப் படித்து, தெரிந்த வக்கீலம்மா ஒருவரைக் கேட்டு, ஒரு விலக்கைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். பொருளோ சேவையோ கொடுத்தவருக்குச் சேர வேண்டிய காசை, அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அவருக்காக வாங்கி வைக்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்காக ஃபீஸ் வாங்கலாம். ஆஸ்பத்திரிக்காக பில் வாங்கலாம். அப்பாடா என்று கடையை மறுபடியும் திறந்தார்கள்.

ஆக, ஊரில் இருக்கிற தம்பி மகனின் கணக்குப் பாடத்துக்குப் பணம் போகும். தாயாரின் அடுப்புக்குப் போகாது. இதைச் சட்டம் எழுதினவர்களிடம் யாராவது கேட்டால் தேவலை.

இன்னொரு சேதியும் பாக்கி. அண்ணன் இறந்தால் அண்ணியைத் தம்பி கட்டிக்கொள்வது இவர்கள் வழக்கம். போன வாரம் சொந்த ஊரான ஹர்கெய்சாவிலிருந்து மாமியார் அதைச் சொல்லி அனுப்பியிருந்தாள். கூலேத்தும் மனைவியை விட்டுப் பிரிந்து தனியாக இருக்கிறவன்தான். உபா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. குளிரில் மரத்துப்போன விரலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அந்தச் சேதியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

இன்று ஏப்ரல் முதல் தேதி. மாசப் பணம் அனுப்புகிற நாள்.

உபா ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஜிர்தே நின்றுகொண்டிருந்தார். வான்கோழித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, பஸ் பிடித்து நேரே வந்திருந்தார். பூட்ஸிலிருந்து பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு அனுப்பணும் மகளே."

"அம்மாவுக்கு முடியாது சித்தப்பா. போன மாசமே சொன்னேனே."

"போன மாசம் சொன்னே. அம்மாவுக்கு இந்த மாசமும் பசிக்குதே, என்ன பண்றது?"

உபா தினமும் ஒப்பிக்கிறதை ஒப்பித்தாள். "பள்ளிக்கூடம்னா வாங்கலாம். ஆஸ்பத்திரின்னா வாங்கலாம். உங்களுக்கு எதையாவது வித்தவங்களா இருக்கணும். உங்கம்மா உங்களுக்கு என்ன வித்தாங்க?"

"பால் குடுத்தா. ரெண்டு வருஷம். அதுக்கு ஒரு பில் போடேன்."

பக்கத்துத் துணிக்கடைக்காரி சிரித்துவிட்டாள். ஜிர்தேயும் சிரித்தார். உபாவுக்கும் இது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. உதடு விரியவில்லை. டிரியே போனதிலிருந்து இப்படித்தான். மூத்த மகள் கணக்கில் முதல் மார்க் வாங்கி வந்தபோதும் இப்படித்தான், இளையவன் கை முறிந்து வந்தபோதும் இப்படித்தான். நல்லதும் கெட்டதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

ஜிர்தே நகரவில்லை. மாடிப்படியருகே கூலேத் வந்ததைப் பார்த்து அவனிடம் போனார். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"சரி மகளே, பள்ளிக்கூட ஃபீஸ். கய்ரோ பள்ளிக்கூடம், ஹர்கெய்சா."

உபா வாங்கி, எண்ணி, பெட்டியில் வைத்து, ரசீது கொடுத்தாள். கய்ரோ பள்ளிக்கூடத்துக்கு நிறையப் பேர் கட்டுகிறார்கள். வாரக்கணக்காகக் கட்டுகிறார்கள். ஜிர்தே கிளம்பிப் போன பிறகுதான் ஏதோ இடித்தது.

"கூலேத்."

"சொல்லுங்க அண்ணி." ஏலக்காய் டீ இரண்டு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஜிர்தே சித்தப்பாவோட பிள்ளைங்க அஞ்சு பேரும் இங்கதானே இருக்காங்க? ஊர்ல அவருக்கு அம்மாவை விட்டா யாரு? யாருக்கு ஃபீஸ் கட்டறார்?"

கூலேத் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அப்புறம் பரீட்சையில் பாஸ் பண்ணின பையன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"உங்க மாமியார் பேரென்ன அண்ணி?"

மாமியாரின் பெயர் கய்ரோ. கய்ரோ என்று ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் இந்தக் கய்ரோவின் பெயரை ரசீதில் வாரக்கணக்காகத் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் தலையில் ஏறியது.

"அம்மா வீட்டு முற்றம் பெருசு. அதைப் பள்ளிக்கூடம்னு எழுதிட்டேன். இங்க மகன் ஃபீஸ் கட்டறான், அங்க அவனைப் பெத்தவ வந்து எங்கம்மாகிட்ட வாங்கிட்டுப் போறா. யாருக்கு நஷ்டம்? சொல்லுங்க பாப்போம்."

"ஒப்பந்தத்துல கையெழுத்து?"

"அங்க அம்மா. இங்க நீங்க. அன்னிக்கு ஒரு கட்டு காகிதம் நீட்டினேனே, படிச்சுப் பாருங்கன்னு கூடச் சொன்னேன். நீங்கதான் பேனாவை வாங்கி மடமடன்னு போட்டீங்க."

போட்டிருப்பாள். அந்த நாட்களில் யார் எதை நீட்டினாலும் போட்டாள். மருத்துவமனைக் காகிதம், அடக்கத்துக்கான காகிதம், பள்ளிக்கூடக் காகிதம். அதோடு இதுவும் ஒன்று.

"பிடிச்சா என்னைத்தானே பிடிப்பாங்க கூலேத்?"

"யாரும் பிடிக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல அண்ணி?"

பயப்பட வேண்டும் என்று உபாவுக்குத் தெரிந்தது. தான் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகள் யார் வீட்டில் இருக்கும் என்று யோசிக்க வேண்டும். யோசித்தாள். யாரோ அடுத்த தெருக்காரியின் பிள்ளைகளைப் பற்றி யோசிப்பதுபோல் இருந்தது. டீயைக் குடித்தாள். சர்க்கரை போட்டானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

கோப்பையைக் கீழே வைக்கவில்லை, கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. முழங்கால் வரை பனி பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை. மாநில அலுவலகத்திலிருந்து வருவதாகவும் தன் பெயர் லின்ட்குவிஸ்ட் என்றும் சொன்னாள். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்தாள். இப்படி மரியாதை தெரிந்தவர்களைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும்.

"உங்க வக்கீல் எங்களுக்கு எழுதியிருந்தாங்க. விலக்குல கடை நடத்தறதா. விலக்கு கேக்கறவங்கதான் அதுக்குத் தகுதி இருக்குன்னு காட்டணும், தெரியுமில்லையா? ஒண்ணும் பெரிசா இல்லை, சின்னதா ஒரு பார்வை."

கூலேத் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சம்புசா சாப்பிடறீங்களா என்று கேட்டான். அவள் நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். ஒப்பந்தங்களைப் புரட்டினாள். நைரோபி பள்ளிக்கூடம், சரி. ஆஸ்பத்திரி, சரி. மூன்றாவதில் விரல் நின்றது.

"இந்த கய்ரோ பள்ளிக்கூடம். மத்த ரெண்டையும் விட இதுக்குத்தான் அதிகம் பேர் கட்டறாங்க. நல்ல பள்ளிக்கூடமோ?"

"ரொம்ப நல்ல பள்ளிக்கூடம்," என்றான் கூலேத்.

"சந்தோஷம். அவங்ககூட ஒரு வார்த்தை பேசலாமா? இப்பவே?"

கூலேத் ஆங்கிலத்தில், தாராளமாக என்றான். அதே மூச்சில், முகம் மாறாமல், தங்கள் மொழியில் உபாவிடம் சொன்னான்: "அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன் அண்ணி. அவங்க சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க, போதும். பேரு உங்களுது, நீங்க பேசினாத்தான் நம்புவாங்க."

உபா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். அங்கே பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம்.

"உபாவா! எங்கண்ணு! இப்பத்தான் உன்னை நினைச்சேன். என்ன, சம்மதமா? கூலேத்துகிட்ட சொல்லிட்டியா?"

கூலேத் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் லின்ட்குவிஸ்ட்.

"குடும்ப விஷயம்," என்றாள் உபா. பிறகு தங்கள் மொழியில், "அத்தை, இங்க கவர்மெண்ட் அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. பள்ளிக்கூடத்தைப் பத்திக் கேக்கறாங்க."

கிழவி தொண்டையைக் கனைத்துக்கொண்டது இங்கே கேட்டது.

"ஆமாம், நான்தான் கய்ரோ. நான் பள்ளிக்கூடம் நடத்துறேன். என் பள்ளிக்கூடத்துல நூத்தி இருபது பிள்ளைங்க படிக்குது."

உபா மொழிபெயர்த்தாள்.

"எந்த வகுப்பு வரைக்கும்?"

"எல்லா வகுப்பும் இருக்கு. யாரையும் இல்லேன்னு திருப்பி அனுப்பறதில்லை."

அதையும் மொழிபெயர்த்தாள். லின்ட்குவிஸ்ட் குறித்துக்கொண்டாள். கூலேத் மூச்சை விட்டான். இத்தனை சுலபமா என்று இருந்தது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட உபாவுக்கு இல்லை. வார்த்தைகள் ஒரு காதில் நுழைந்து வாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. இன்னும் ஒரு கேள்வி, இந்தம்மா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடை பிழைக்கும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் லின்ட்குவிஸ்ட். "இந்த விலக்கோட உயிரே இதுதான். நீங்க இங்க பணத்தைக் கையில வாங்கின நிமிஷமே அது பள்ளிக்கூடத்துக்குக் கட்டினதா ஆயிடுது. நடுவுல தொலைஞ்சா, நின்னு போனா, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. கட்டினவங்களுக்கு இல்லை. அது பள்ளிக்கூடக்காரங்களுக்குத் தெரியுமா? அவங்க வாயாலேயே கேக்கணும்."

உபா கேட்டாள். "அத்தை, இங்க நாங்க வாங்கிட்டா அங்க நீங்க வாங்கின மாதிரியாம். நடுவுல பணம் வந்து சேரலேன்னா அந்த நஷ்டம் உங்களுதாம். தெரியுமான்னு கேக்கறாங்க."

"இதைச் சொல்லித்தான் தெரியணுமா? வாக்குன்னா வாக்குத்தானே. உன் மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான். அங்கேர்ந்து சொல் வந்தாச்சுன்னா இங்க கொடுத்துடறது. காசு அப்புறம் மெதுவா வரும்." கிழவி கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இந்தத் தடவை ரொம்பத்தான் மெதுவா வருதுடீ. மூணு வாரமா ஒண்ணும் வரலை."

உபா நிமிர்ந்து கூலேத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நைரோபில பேங்க்ல நிக்குது," என்று தங்கள் மொழியில் முணுமுணுத்தான். "ரெண்டு நாள்ல வந்துடும்னாங்க. அம்மாகிட்ட நான் சொல்லலை. சும்மா இருப்பாங்கன்னு நினைச்சேன்."

"மூணு வாரமா வர்றவங்களுக்கு என்ன பண்ணீங்க அத்தை?"

"என்ன பண்றது, கொடுத்தேன். ஹஜ்ஜுக்குன்னு சீட்டுப் போட்டிருந்தேனே, அதை முன்னாடியே எடுத்தேன். அதுவும் நேத்தோட தீர்ந்துபோச்சு. இன்னிக்குக் காலையிலேர்ந்து வாசல்ல நிக்கறாளுங்க. ஜிர்தேயோட அம்மாகூட, மகன் போன் பண்ணினான்னு இப்பத்தான் வந்திருக்கா, கண்ணு தெரியாம, பேத்தி கையைப் பிடிச்சுட்டு. எப்ப வரும்னு சொல்லு, நான் அவளுங்களுக்குச் சொல்லணும்ல?"

அந்தச் சீட்டு உபாவுக்குத் தெரியும். டிரியே சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே கய்ரோ கட்டிக்கொண்டிருந்த சீட்டு. வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தபோதும் அதில் கை வைக்காதவள். மக்காவைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று மகனிடம் சண்டை போட்டவள். மகன் செத்தபோதுகூட அதைத் தொடவில்லை.

நெஞ்சில் ஏதோ அடித்தது. வலித்தது. வெகுநாள் ஆயிற்று வலித்து.

"நீளமா பேசினாங்களே," என்றாள் லின்ட்குவிஸ்ட். "தெரியும்னு சொல்றாங்களா?"

கூலேத் குரல் தாழ்ந்தது. "தெரியும்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. ஒரே வார்த்தை. உங்க பிள்ளைங்களை நினைச்சுக்கோங்க."

நினைத்தாள். இந்தத் தடவை அடுத்த தெருக்காரியின் பிள்ளைகள் இல்லை. மகளின் பின்னலும், மகனின் கட்டுப் போட்ட கையும், காலையில் இரண்டு பேரும் ஒரே சாக்ஸுக்காக அடித்துக்கொண்டதும் கண் முன்னால் வந்து நின்றன. இப்போது பயமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கடை நடக்கும். கடை நடந்தால் நாளைக்கும் ஜனங்கள் ஃபீஸ் கட்டுவார்கள். அங்கே கிழவி வாக்குக் கொடுத்தாயிற்று என்று தட்டுமுட்டுச் சாமான் வரைக்கும் விற்றுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

"அது பள்ளிக்கூடம் இல்லை," என்றாள் உபா ஆங்கிலத்தில். "என் மாமியார் வீடு. பிள்ளைங்க யாரும் படிக்கலை. வர்றவங்க எல்லாம் இங்க பணம் கட்டறவங்களோட அம்மாக்கள். மூணு வாரமா பணம் போய்ச் சேரலை. மாமியார்தான் தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்திருக்காங்க."

கூலேத் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

லின்ட்குவிஸ்ட் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். உத்தியோகத்தில் நிறையப் பொய் கேட்டவள்போல. உண்மையைக் கேட்டதும் தடுமாறினாள்.

"இந்த ஒப்பந்தத்தை எழுதினது யாரு?"

"நான்," என்றான் கூலேத், உபா வாயைத் திறப்பதற்குள். எழுந்து நின்றான். "முழுக்க நான்தான். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க இருந்த இருப்புல என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. என் மேல எழுதிக்கோங்க. எங்க வேணா வர்றேன்."

மனுஷன் சொன்னான், மெச்சத்தான் வேண்டும். ஆனால் சட்டத்துக்கு அந்த நெஞ்சு தேவைப்படவில்லை.

"நீங்க சொன்னதை எழுதிக்கறேன்," என்றாள் அவள். "ஆனா விலக்கு கேட்டது இவங்க பேர்ல. விலக்கு இல்லேன்னு ஆயிட்டா, லைசென்ஸ் இல்லாம அனுப்பினதும் இவங்க பேர்லதான்." உபாவின் பக்கம் திரும்பினாள். குரலில் கடுமை இல்லை. "இந்த நிமிஷத்திலேர்ந்து எதையும் வாங்கக் கூடாது, அனுப்பக் கூடாது. பெட்டியில இருக்கறதைத் தொடாதீங்க. திங்கக்கிழமை வக்கீலோட வாங்க. போன்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க, யாருக்கும் இனிமே கொடுக்க வேண்டாம்னு."

ஜிர்தே கட்டின பணம் பெட்டியில் மேலாகவே இருந்தது.

"உபா? உபா, லைன்ல இருக்கியா?" என்றது மேஜை.

உபா ஸ்பீக்கரை அணைக்காமலே குனிந்தாள்.

"அத்தை, பணம் வராது. இன்னிக்கும் வராது, நாளைக்கும் வராது. நான்தான் சொல்றேன். நீங்க யாருக்கும் ஒண்ணும் கொடுக்க வேண்டாம். அவங்களைப் போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுங்க."

கிழவியின் குரல் தணிந்தது.

"டிரியே கடைக்கு ஏதும் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்தை."

"உனக்கு?"

உபா போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். கிழவி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனைக் கீழே வைக்காமலேயே எழுந்து நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற பெண்களின் பேச்சு திடீரென்று பக்கத்தில் வந்தது.

"மழை வருது, ஏன் வெளியில நிக்கறீங்க? உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. காசு இல்லை. சோறு இருக்கு, இருக்கறதைப் பங்கு போட்டுக்கலாம். அந்தக் கண்ணு தெரியாதவளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்கடீ, படியில தடுக்கும்."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் லின்ட்குவிஸ்ட்.

டிரியேயை மண்ணில் இறக்கியபோது வராத அழுகை, இத்தனை மாதம் எங்கே இருந்தது என்றே தெரியாத அழுகை, அப்போதுதான் வந்தது. முக்காட்டின் ஓரத்தை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. அந்த அம்மாள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"சாத்த மாட்டாங்களாம்," என்றாள் உபா.